இடது பக்கப் பின் கதவு

சேசு மரி சூசை துணை

ஆக்கூர் முக்கூட்டு,
தை மாதம், 2000

அன்பு மகன் அருள்பிரகாஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீ சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை கேட்கத் தேவையில்லை. உன்னை நேரில் பார்த்தவர் வந்து சொல்லிவிட்டார். நன்றாக இருக்கிறாயாம். மீசையை எடுத்துவிட்டாயாம். லேசாகத் தொப்பை விழுந்திருக்கிறதாம். ஜெர்மனியிலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை. பொங்கல் விடுமுறையில் நம் அம்பாசடரில் உன்னை வைத்து ஓட்டிய டிரைவர் அரசப்பன் சொன்னார். இங்கே நான் சுகம். அப்பாவுக்குக் கண் ஆறி வருகிறது, கறுப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாகப்பட்டினத்தில் உன் அக்கா ஜெனிட்டாவும் பிள்ளைகளும் சுகம். சம்பா அறுப்பு நடக்கிறது. ரோடு முழுக்க வைக்கோல், பஸ்ஸெல்லாம் அதன் மேல்தான் ஓடுகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்பைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு நானும் எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் அப்பா கட்டிலில் படுத்தபடியே கேட்பார், பிள்ளைக்கா எழுதுறே, முடிக்கிறப்ப சொல்லு, நானும் ரெண்டு வரி சொல்றேன் என்று. அந்த இரண்டு வரிக்கு இன்றைக்கு என்னால் இடம் விட முடியாது.

ஐப்பசி மழையில் உன் கடிதம் வந்தது. மேலே நனைந்து, மை கலங்கி. உன்னோடு வேலை பார்க்கும் இரண்டு ஜெர்மன்காரர்கள், புதுத் தொழிற்சாலை வேலையாகச் சென்னை வருகிறார்கள், பொங்கல் லீவில் நம் பக்கம் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கோயில் எல்லாம் புத்தகத்திலேயே பார்த்துவிட்டார்களாம். இந்த மண்ணில் மக்கள் என்ன விளையாடுகிறார்கள், என்ன வண்டி ஓட்டுகிறார்கள், என்ன குடிக்கிறார்கள், இந்த மூன்றும்தான் பார்க்க வேண்டுமாம். உனக்கு லீவு கிடைக்கவில்லை, நீ வர முடியாது, மொழிக்குச் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் கூட வருவான் என்றாய். எங்கே போவது, எப்படிப் போவது என்று திட்டம் போட அப்பாவை விட்டால் ஆளில்லை என்றாய். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். கண் ஆபரேஷன் முடிந்த கையோடு அப்பா ஓட்ட வேண்டாம், வேறு டிரைவர் வையுங்கள், நீங்களும் கூடப் போக வேண்டாம், வெளிநாட்டுக்காரர்கள் கூச்சப்படுவார்கள் என்று. அதைப் படித்துவிட்டு நான் அப்பாவிடம் சொன்னேன், அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உங்கள் கண்ணைப் பற்றி யோசிக்கிறான் பாருங்கள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இப்போது அந்த வரியை எடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எழுத்து அதேதான்.

நீ கேட்டதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று உனக்குத் தெரிய வேண்டும். சுமோ வந்த பிறகு நம் வண்டிக்குச் சவாரி குறைந்துவிட்டது. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கொள்ள வருகிறவர்கள்கூட மாயவரம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஏசி இருக்கா என்றுதான் கேட்கிறார்கள். மாலைக்குள் நான்கு முறை துடைத்த வண்டியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்த மனிதர், உன் கடிதம் வந்த அன்று காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ரோடு போட ஆரம்பித்தார். கும்பகோணத்தில் தங்கல். மறுநாள் கார். காணும் பொங்கலன்று கபடி. அதற்கு மறுநாள் காரைக்கால். காருக்காக மாயவரம் ரைஸ் மில்காரரைப் பிடித்தார். அவருடைய ஷெட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் அம்பாசடருக்கு முந்தின காலத்து லேண்ட்மாஸ்டர் கார் ஒன்று நிற்கிறது, அதை வெளியே தள்ளிக் கழுவி வைக்க ஒப்புக்கொள்ள வைத்தார். கும்பகோணத்தில் அம்பாசடருக்கெல்லாம் டீசல் இன்ஜின் மாற்றிக் கொடுக்கும் பட்டறைக்காரர், அன்னிக்கு மாட்டுப் பொங்கல் அண்ணே, மாட்டைத்தான் குளிப்பாட்டுவாங்க, காரை யாரு பார்ப்பா என்று சிரித்தாராம். அவரையும் கெஞ்சிப் பட்டறையைத் திறக்க வைத்தார். கபடிக்குத் திருவிடைமருதூர் பக்கம் பஞ்சநதம் மாமா. அந்தக் காலத்தில் அப்பாவோடு ஒரே அணியில் ஆடினவர், இப்போது ஊரில் ஆட்டம் நடத்துகிறவர். போனில் அவர் கத்தியது எனக்கே கேட்டது. வெள்ளைக்காரன் பார்க்கிறான்னா நம்ம பசங்க கைகாலை உடைச்சுக்குவானுங்கடா பெரியநாயகம், போன தடவை மத்தியஸ்தம் பண்ணினவனுக்கே பல்லு போச்சு என்றார். ஆனாலும் கோட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று நாற்காலி போட்டு வைக்கிறேன் என்றார்.

மூன்றாவது விஷயத்தைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் பேசவில்லை. காலண்டர் தாளில் காரைக்கால் என்று எழுதி அதற்கு நேரே எதுவும் எழுதாமல் வைத்திருந்தார். அங்கேதான் கள்ளுக்கடை சட்டப்படி இருக்கிறது, நம் பக்கம் கிடையாது, இது உனக்குத் தெரியும். அந்தக் கடை வாசலும் உனக்குத் தெரியும். வேளாங்கண்ணியில் மாதா முன்னால் கையில் மெழுகுவர்த்தியோடு சத்தியம் பண்ணிய பிறகு அப்பா காரைக்கால் எல்லையில் இருக்கும் நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினதில்லை. வேளாங்கண்ணிச் சவாரி வந்தால்கூட மாயவரம் போய்த் திருவாரூர் சுற்றித்தான் போவார். ஏன் டிரைவர் இப்படிச் சுத்துறீங்க என்று சண்டை போட்டவர்கள் உண்டு. ரோடு சரியில்லைங்க என்பார். இவ்வளவு வருஷமும் ரோடு சரியில்லை. அந்த மனிதர் ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் காரைக்கால் போனார். நீ கேட்டாய் என்பதற்காகப் போனார். கடைக்கு வெளியே மீன் வறுத்து விற்கும் அம்சம் இன்னும் இருக்கிறாளாம். யாரு, பெரியநாயகம் அண்ணனா, நீ செத்துட்டேன்னு சொன்னாங்களே என்றாளாம். செத்தவன் பஸ்ஸுல வருவானா என்றாராம் இவர். பழைய பழக்கத்தில் அவள் ஒரு கிளாஸ் கள்ளை ஊற்றி முன்னால் வைத்திருக்கிறாள். எனக்கில்லை அம்சம், எம் பிள்ளையோட ஆளுங்க வர்றாங்க, புளிக்காததா எப்ப கிடைக்கும் சொல்லு என்று கேட்டுக்கொண்டு, கிளாஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் முன்னால் நின்று வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். முன்பெல்லாம் நான் ஊதச் சொல்வேன், அவர் மாட்டேன் என்பார். இந்த முறை நான் கேட்கவில்லை. பிறகு தாளை எடுத்து, காலையிலேயே போக வேண்டும், தென்னங்கள்ளு, மீன் அம்சத்திடம் என்று எழுதினார். வேலை முடிந்தது விண்ணரசி, பிள்ளைக்கு எழுதிப் போட்டுவிடு என்றார். எழுதிப் போட்டேன்.

பொங்கலன்று நீ போன் செய்தாய். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, கையுறை இல்லாமல் வெளியே போக முடியவில்லை என்றாய். அப்பா பக்கத்திலிருந்து மப்ளர் கட்டிக்கச் சொல்லு, காதை மூடச் சொல்லு என்றார். உன் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது. நம் தெருவில் போட்டிருக்கும் பாட்டுத்தான் கேட்கிறது என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் கேட்டது. வெளிநாட்டு லைன், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கும்பகோணத்து ஓட்டலிலிருந்து நீ பேசியிருக்கிறாய். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடும் தூரம்.

அவர்கள் காரைக்கால் போன அன்று நம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அரசப்பனிடம் சொல்லியிருந்தேன், ஒரு நிமிஷம் நிறுத்துங்கள், காப்பி கொடுத்து அனுப்புகிறேன் என்று. காரம் குறைத்து முறுக்கு சுட்டு வைத்திருந்தேன். அப்பா காலையிலிருந்து கேட்டில் நின்றார். கறுப்புக் கண்ணாடி, சலவை வேட்டி. நம்ம வண்டிதான், சத்தத்தைக் கேளு என்று ரோடு வளைவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். வண்டி மெதுவாக வந்தது, நிற்கவில்லை. அரசப்பன் ஹாரன் அடித்தார். முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் கையை வெளியே நீட்டி ஆட்டினார். பின்னால் இருந்தவரும் ஆட்டினார். எங்கள் பக்கமாக உட்கார்ந்திருந்தவரின் முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சட்டை. குனிந்திருந்தார். அப்பா வண்டி மறையும் வரை கையை ஆட்டினார். டாட்டா காட்டுறாங்க பாரு, நல்ல மனுஷங்க என்றார். திரும்பி வரும்போது நிற்பார்கள் என்று முறுக்கை மூடி வைத்தேன். திரும்பும்போது பேரளம் வழியாகப் போய்விட்டீர்கள். கூட வந்த மெட்ராஸ் தம்பிதான் இந்த ரோடு வேணாம், அந்த ரோடு நல்லா இருக்கும்னு சொன்னாரு என்றார் அரசப்பன். அப்பா சொல்லிவந்த அதே சாக்கு.

மறுநாள் அரசப்பன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். அப்பா கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உள்ளறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அரசப்பன் கூடத்தில் நின்று தண்ணீர் கேட்டார். நல்ல மனிதர், செம்பனார்கோயில்காரர், நம் வீட்டுக்குப் புதிது, உன்னை முன்னால் பார்த்ததில்லை, அவரை வைக்கிறோம் என்றபோது நீயும் சரி என்றாய். பயணம் எப்படி என்று கேட்டேன். வெள்ளைக்காரர்கள் லேண்ட்மாஸ்டரைப் பார்த்துவிட்டுத் தரையில் படுத்து அடியில் எல்லாம் பார்த்தார்களாம். கபடியில் ஒரு பையன் பறந்து வந்து அவர்கள் மடியிலேயே விழுந்தானாம். தொப்பியும் கண்ணாடியுமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்த தமிழ்த் தம்பி அப்போது மட்டும் எழுந்து நின்று, தொட்டுட்டான், கோட்டைத் தொட்டுட்டான் என்று தொண்டை கிழியக் கத்தினாராம். காரைக்காலில் மீன்காரம்மா அந்தத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்த ஊரு நீ, இந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கேனே என்றாளாம். மெட்ராஸ் என்றாராம் தம்பி. நம்ம வீட்டைத் தாண்டும்போது அவர் மட்டும் ஏன் குனிந்திருந்தார் என்று நான் சும்மாதான் கேட்டேன். ஷூ லேஸ் கட்டினாரும்மா என்றார் அரசப்பன். பிறகு ஒரு ஆச்சரியம் சொல்கிறேன் கேளுங்க என்று சத்தமாகச் சொன்னார். அய்யா என்கிட்ட வண்டியைக் குடுக்கும்போது சொன்னாரு, இடது பக்கப் பின் கதவு எம் பையன் ஒருத்தனுக்குத்தான் திறக்கும், நீ அந்தப் பக்கமா ஆளை ஏத்துன்னு. எனக்கும் திறக்கலை, வெள்ளைக்காரனுக்கும் திறக்கலை. இந்தத் தம்பி வந்தாரு, பேசிக்கிட்டே கைப்பிடியைத் தூக்கினாரு, முழங்காலால ஒரு இடி, திறந்துடுச்சு, ஏறி உட்கார்ந்துட்டாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன், எங்க வீட்டிலயும் இப்படி ஒரு வண்டி இருந்துச்சு, எங்கப்பா எப்பவோ வித்துட்டாருன்னு சொன்னாரு.

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க அண்ணாந்தவர் சுவரில் உன் பட்டமளிப்பு போட்டோவைப் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். வர்றேம்மா என்று மெல்லச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே ரோடு வரை போய்க் கேட்டதில்தான் மீசையும் தொப்பையும் தெரிந்தது.

அந்தக் கதவு அப்படி ஆனது எதனால் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீ எட்டாவது முழுப் பரீட்சை லீவில் அவரோடு காரைக்கால் சவாரி போனாய். சவாரிக்காரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர் குடித்துவிட்டு உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திரும்பினார். நண்டலாற்றுப் பாலத்துச் சுவரில் வண்டி மோதி நின்றது. மற்றக் கதவு எதுவும் அசையவில்லை. இடது பக்கப் பின் கதவைத் தூக்கி, முழங்காலால் இடித்து இடித்துத் திறந்து, அவரை முன் சீட்டிலிருந்து பின்னால் இழுத்து, வெளியே கொண்டுவந்தாய். உன் முழங்காலில் அந்தத் தழும்பு இருக்க வேண்டும். அதற்கடுத்த வாரம்தான் வேளாங்கண்ணி. நசுங்கினதையெல்லாம் சரி செய்தார், அந்தக் கதவை மட்டும் செய்யவில்லை. எவனாவது இழுத்துத் திறக்காம என்னைக் கேட்கிறப்பெல்லாம் எனக்கு ஞாபகம் வரட்டும் என்றார். சவாரி ஏறுகிறவர்கள் கேட்கும்போதெல்லாம், அது எம் பையனுக்கு மட்டும்தான் திறக்கும், நீங்க அந்தப் பக்கம் வாங்க என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

நான் உனக்காக யோசித்துப் பார்த்தேன். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் குடிப்பதைப் பற்றிப் பேச்சு வரும், அப்பா முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம் என்று நினைத்திருப்பாய். அவரைக் காப்பாற்றத்தான் ஒளிந்தாய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு பகல் முழுக்க அது போதுமாக இருந்தது. பிறகு அவர் காரைக்கால் பஸ்ஸில் ஏறியது ஞாபகம் வந்தது. காப்பாற்ற நினைக்கிறவன் அந்த வாசலுக்கு அவரை அனுப்பமாட்டான். உனக்குக் கடையின் பெயர் தெரியும், வழி தெரியும், அம்சத்தைத் தெரியும். நீயே போயிருக்கலாம். அவருடைய கண், அவருடைய வண்டி, அவருடைய சிநேகிதர்கள், அவர் விட்ட குடி, எல்லாம் உனக்கு வேண்டியிருந்தது. அவர் வேண்டாம். உன் ஆபீஸ்காரர்களுக்குக் காட்ட டாக்ஸி ஓட்டுகிற அப்பா அந்தத் திட்டத்தில் எங்கே வருவார் என்று உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வருத்தம் என்று சொல்ல மாட்டேன். வேறு ஏதோ. பள்ளிக்கூடத்தில் நல்ல பையன் என்று நம்பிச் சாவியைக் கொடுத்தவன் பூட்டை உடைக்காமலே எடுத்துக்கொண்டு போனால் எப்படியிருக்கும், அப்படி.

ஆகவே எழுதுகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது. தினமும் தபால்காரரைக் கேட்கிறார், பிள்ளையோட ஆளுங்க ஊர் போய்ச் சேர்ந்திருப்பாங்களே, என்ன சொன்னாங்கன்னு எழுதியிருப்பானே என்று. நீ எழுது. நண்பர்கள் வந்து எல்லாம் சொன்னார்கள், கபடி பிரமாதம், கார் பிரமாதம், கேட்டில் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பெரியவர் கையாட்டினாரே அதுதான் உன் அப்பாவா என்று கேட்டார்கள் என்று எழுது. பார்க்காதவன் போலவே எழுது. உனக்கு அது வரும். அவர் மனசு உடைந்தால் எந்த ரோட்டில் போவார் என்று எனக்குத் தெரியும், கிழக்கே பாலம் தாண்டினால் போதும். அதற்காகத்தான் உன்னைப் பொய் எழுதச் சொல்கிறேன். ஒரு வாத்தியாரம்மா இப்படி எழுதுகிறாள். மணி அடித்துவிட்டது. கட்டுரையை வாங்க வேண்டும்.

இதை மறுபடி எடுத்து எழுதுகிறேன். தபாலில் சேர்க்காமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஷெட்டில் வண்டி இல்லை. உள்ளே கட்டில் காலி. சொட்டு மருந்து ஜன்னலில் இருந்தது. கறுப்புக் கண்ணாடி இல்லை. ரோட்டுக்கு வந்து டீக்கடையில் கேட்டேன். அண்ணன் மத்தியானமே போனாரு, கிழக்கே, நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கலை என்றார்கள். கிழக்கே. பஸ் ஏறலாம் என்று நின்றேன், பஸ் வந்தது, ஏறவில்லை. போய் அந்தக் கடை வாசலில் அவரைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. கேட்டுக்கு வந்து, அன்றைக்கு அவர் நின்ற இடத்தில் நின்றேன். வைக்கோல் லாரிகள் போயின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அரசப்பன் சத்தமாகச் சொன்னார். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைதான். அப்பா கண்ணைத்தான் மூடியிருந்திருக்கிறார். அதன் பிறகு அவர் தபால்காரரைக் கேட்டதெல்லாம் என் காதுக்காகக் கேட்டது.

பொழுது சாய்ந்த நேரத்தில் சத்தம் கேட்டது. வளைவுக்கு முன்னாலேயே எனக்கும் தெரிந்தது. நேராக வந்தது, ரோட்டின் ஓரத்தை விட்டு விலகாமல். ஷெட்டில் நிறுத்தி இறங்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஊதிக் காட்டவில்லை. பக்கத்தில் போனேன், கிரீஸும் பெயின்ட்டும்தான் மணந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமே, பொறையார் பட்டறையில் நின்று பார்த்துச் செய்து வாங்கியிருக்கிறார். இடது பக்கப் பின் கதவைக் காட்டி, திற என்றார். நான் பழக்கத்தில் கைப்பிடியைத் தூக்கினேன். தூக்க வேண்டாம், சும்மா இழு என்றார். இழுத்தேன். திறந்தது. சத்தமே இல்லை. இனிமே எல்லாருக்கும் திறக்கும் என்றார். இரண்டு தடவை அவரே மூடித் திறந்து பார்த்தார். கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர், பிள்ளைக்கு எழுதிட்டியா என்றார். முடிக்கலை என்றேன். ரெண்டு வரி சொல்றீங்களா என்று கேட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். இல்லை, நீயே முடிச்சுடு என்றார்.

அதனால் நான் மேலே சொன்னபடி எழுதாதே. பெரியவரைப் பார்த்தோம் என்ற வரி வேண்டாம். நண்பர்கள் சொன்னார்கள் என்பதும் வேண்டாம். என்ன எழுத வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர மாட்டேன். என் பெயருக்கு எழுதாதே, அப்பா பெயருக்கு எழுது. அவர் கண்ணுக்கு இப்போது பொடி எழுத்துக்கூடத் தெரிகிறது, நான் படித்துக்காட்ட வேண்டியதில்லை. இன்று காலையில் நாகூர்ச் சவாரி ஒன்று கேட்டு வந்தார்கள். ஓட்டக் கூடாது என்று நான் சத்தம் போட்டதால் அரசப்பனை வரச் சொல்லியிருக்கிறார். எந்த வழி போகட்டும் அய்யா என்று அரசப்பன் கேட்டதற்கு, காரைக்கால் வழியா போ, அதுதான் நேர் ரோடு என்றார்.

குளிரில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறு பூசையை விடாதே. மே மாதம் அப்பாவுக்கு அறுபது முடிகிறது. ஊரார் எல்லாரையும் திருக்கடையூருக்கு ஏற்றிப்போன மனிதர், நமக்கும் சாமியாரிடம் ஒரு பூசைக்குச் சொல்லு என்றார், சொல்லியிருக்கிறேன். வருவதானால் பகலில் வா, உன் பெயரோடு வா. மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் கூட வரட்டும். உனக்கு என் முத்தம், கோபத்தோடுதான். இன்னொன்று ஞாபகம் வைத்துக்கொள். வந்து வண்டியில் ஏறும்போது கதவைப் பழக்கத்தில் தூக்கிவிடாதே. புதுக் கீல், வளைந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெ. விண்ணரசி